கொலம்பியப் பரிமாற்றம்: கப்பலில் ஏறியதும் ஏறாததும்

1493 செப்டம்பரில் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்திலிருந்து 17 கப்பல்கள் கிளம்பின. கொலம்பஸின் இரண்டாவது பயணம் அது. முதல் பயணம் வழி தேடிப் போனது; இது குடியேறப் போனது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு குதிரை, மாடு, செம்மறி, வெள்ளாடு, கோழி, கோதுமை விதை, திராட்சைக் கொடி என்று ஒரு பண்ணையே கப்பலேறியது. வழியில் கேனரித் தீவுகளில் நிறுத்திக் கரும்புக் கரணைகளையும் சில பன்றிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். போய் இறங்கிய இடம் கரீபியக் கடலில் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவு. இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் அந்தத் தீவில்தான் இருக்கின்றன.

கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்திருந்த நிலப்பகுதி நீரில் மூழ்கியது. அப்புறம் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இரு பக்கமும் தனித்தனியாகவே வாழ்ந்தன. விவசாயத்தைக்கூட இரு தரப்பும் தனித்தனியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா இருக்கும் இந்தப் பக்கத்தில் நெல், கோதுமை, வாழை, கரும்பு. மாடு, குதிரை, பன்றி, கோழி. அந்தப் பக்கத்தில் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, தக்காளி, மிளகாய், நிலக்கடலை, கொக்கோ, புகையிலை, அன்னாசி, பப்பாளி, கொய்யா. வளர்ப்பு விலங்கு என்று பார்த்தால் லாமா, அல்பாக்கா, கினிப்பன்றி, வான்கோழி, நாய் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சுமார் 1000ஆம் ஆண்டில் வைக்கிங்குகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கொஞ்ச காலம் தங்கியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதனால் எந்தப் பயிரும் ஊர் மாறவில்லை. 1492க்குப் பிறகுதான் எல்லாம் மாறத் தொடங்கின. பயிர், விலங்கு, நோய், மனிதர்கள் என எல்லாம் அட்லாண்டிக்கைத் தாண்டி இடம் மாறிய இந்த நிகழ்வுக்கு, அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் கிராஸ்பி 1972இல் ‘கொலம்பியப் பரிமாற்றம்’ என்று பெயர் வைத்தார்.

பாடப்புத்தகத்தில் இதை ஒரு உலக வரைபடமும் இரண்டு அம்புக்குறிகளுமாக முடித்துவிடுவார்கள். அங்கிருந்து இங்கே உருளைக்கிழங்கு, இங்கிருந்து அங்கே குதிரை. பட்டியல் சரிதான். ஆனால் ஒரு கிழங்கோ ஒரு கிருமியோ இடம் மாறினால் ஒரு சமூகமே ஏன் தலைகீழாக வேண்டும் என்பதற்குப் பட்டியலில் பதில் இல்லை. கப்பலில் என்ன ஏறியது என்பதோடு, கூடவே ஏறியிருக்க வேண்டிய எது ஏறவில்லை என்றும் கேட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். எந்தப் பயிரும் எந்த நோயும் பிறந்த இடத்தில் தனியாக இருப்பதில்லை. அதைச் சமாளிக்கும் பழக்கம், அதைத் தின்னும் எதிரி, அதைத் தாங்கிப் பழகிய உடம்பு என்று ஏதாவது ஒன்று கூட இருக்கும். இடம் மாறும்போது அந்தத் துணைதான் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டது.

முதலில் நோயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சாவுகளில் பெரும்பங்கு அதனால் வந்தது. பெரியம்மை, தட்டம்மை, இன்ஃபுளுவென்சா போன்ற கொள்ளைநோய்கள் பரவ நெருக்கமான ஊர்கள் வேண்டும். இவற்றில் பல, ஆதியில் விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவியவை. மாட்டோடும் பன்றியோடும் கோழியோடும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இந்தப் பக்கத்து மக்களிடம் அவை தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் பெரியம்மை கிட்டத்தட்ட குழந்தைப் பருவ நோய். வந்தால் சிலர் சாவார்கள். பிழைத்தவருக்கு வாழ்நாளில் மறுபடி வராது. ஆகவே எந்தக் காலத்திலும் ஊரில் வளர்ந்த ஆட்களில் பெரும்பாலோர் முகத்தில் தழும்போடு, ஆனால் பாதுகாப்போடு இருந்தார்கள். அமெரிக்காவில் இந்த நோய் ஒருவருக்கும் வந்ததில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. 1492இலேயே தொடர்பு ஏற்பட்டுவிட்டது. பெரியம்மை ஹிஸ்பானியோலாவுக்கு வந்தது 1518இன் கடைசியில். நடுவில் ஏன் இத்தனை வருடம்? பெரியம்மை தொற்றி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளியே தெரியும்; அடுத்த சில வாரங்களில் ஆள் பிழைப்பார் அல்லது சாவார். அந்தக் காலத்துக் கடல் பயணம் ஒரு மாதத்துக்கும் மேல். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே நோய் வந்து போயிருந்ததால், கிருமிக்கு அடுத்த ஆள் கிடைக்காமல் நடுக்கடலிலேயே கதை முடிந்துவிடும். கப்பல்கள் அதிகமாகி, நோய் வராத ஆட்களும் வரிசையாக ஏறத் தொடங்கியபோதுதான் சங்கிலி அறுபடாமல் அந்தக் கரையைத் தொட்டது.

1520இல் அது மெக்சிகோவுக்குப் போனது. அஸ்டெக்குகளின் தலைநகரமான டெனோச்டிட்லான், ஏரி நடுவில் கட்டப்பட்ட பெரிய நகரம். அந்த ஜூன் மாதம்தான் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்டெஸையும் அவன் படையையும் நகர மக்கள் அடித்து விரட்டியிருந்தார்கள். சில மாதங்களில் பெரியம்மை உள்ளே வந்தது. பிற்பாடு நாவா முதியவர்கள் (அஸ்டெக்குகளும் சேர்ந்த பூர்வகுடி இனம்) சொல்லி எழுதிவைக்கப்பட்ட நினைவுகளில் அந்த நாட்கள் வருகின்றன. உடம்பெல்லாம் கொப்புளம். புரண்டு படுக்க முடியாது, கையைக் காலை அசைத்தால் அலறல். நோயால் செத்தவர்கள் ஒருபக்கம் இருக்க, பசியால் செத்தவர்களும் ஏராளம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க எழுந்து நடமாடும் ஆள் வீட்டில் இல்லை.

புதிதாக வந்த நோயின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. நோய் பழகிய ஊரில் குழந்தை படுத்தால் தாய் பார்த்துக்கொள்வாள். தாய்க்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும். பழகாத ஊரில் தாத்தா முதல் பேரன் வரை ஒரே வாரத்தில் படுத்துவிடுவார்கள். தண்ணீர் எடுக்க ஆளில்லை, அறுவடைக்கு ஆளில்லை, படைக்குத் தலைவன் இல்லை. அஸ்டெக் மன்னர் மொக்தெசுமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயித்லாவாக், 80 நாள் ஆண்டதாகச் சொல்வார்கள்; அம்மையில் இறந்தார். கோர்டெஸ் திரும்பி வந்து முற்றுகையிட்டு 1521 ஆகஸ்ட் 13இல் நகரத்தைப் பிடித்தான். கூடவே ஆயிரக்கணக்கில் த்லாஷ்கலா வீரர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அஸ்டெக்குகளின் பழைய பகையாளிகள் அவர்கள். ஏதோ சில நூறு ஸ்பானியர்கள் தனியாக ஒரு சாம்ராஜ்யத்தைச் சாய்த்ததாகச் சொல்வது அவர்களே கட்டிய கதை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எல்லாம் கிருமி செய்த வேலை, யார் மீதும் தப்பில்லை’ என்று சிலர் இந்த வரலாற்றை எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹிஸ்பானியோலாவின் பூர்வகுடிகளான தைனோ மக்களை 1514இல் ஸ்பானியர்கள் கணக்கெடுத்தபோது சுமார் 26,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பெரியம்மை வருவதற்கு நான்கு வருடம் முன்பே இந்தக் கதி. தங்கம் அரிக்கக் கட்டாய வேலை, விதைக்க நேரமில்லாததால் பஞ்சம், எதிர்த்தால் வாள். அரைப்பட்டினியில் கிடந்த உடம்பில்தான் அம்மை வந்து விழுந்தது.

விலங்குகள் கதை வேறு மாதிரி. அவை துணையில்லாமல் போனதில் கொண்டாட்டம் அவற்றுக்குத்தான். பன்றிக்கு அங்கே நோயும் குறைவு, எதிரியும் குறைவு, தின்பதற்குக் காடு முழுக்கக் கிழங்கு. 1539இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது 13 பெண் பன்றிகளைக் கொண்டுபோனார். 1542இல் அவர் இறந்தபோது மந்தையில் 700 பன்றிகள். வழியெல்லாம் தின்றதும், ஓடிப்போனதும் போக மீதி இது. ஊர் மக்களின் மக்காச்சோள வயல்களுக்கு வேலியே கிடையாது, ஏனென்றால் அதுவரை வேலி போட வேண்டிய விலங்கே அங்கு இல்லை. மாடும் பன்றியும் புகுந்து மேய்ந்த வயல்களுக்காகவே வட அமெரிக்காவில் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் தீராத சண்டை நடந்தது.

குதிரை மட்டும் சிலருக்கு வரமாக அமைந்தது. வேடிக்கை என்னவென்றால் குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். பனியுகத்தின் முடிவில் அங்கே அற்றுப்போய்விட்டது. ஸ்பானியர்களின் குதிரைகள் 17ஆம் நூற்றாண்டில் பூர்வகுடிகளின் கைக்குப் போயின. 1680இல் புவெப்லோ மக்கள் கிளர்ச்சி செய்து ஸ்பானியர்களை நியூ மெக்சிகோவை விட்டே துரத்தியபோது இன்னும் நிறைய குதிரைகள் கைமாறின. நாய் இழுக்கும் கட்டைகளில் சாமான்களை வைத்து நடந்து போய்க்கொண்டிருந்த சமவெளி மக்கள், இரண்டே தலைமுறையில் குதிரையேறிக் காட்டெருமை வேட்டையாடினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சமவெளி மக்களில் ஒரு பிரிவினரான கமான்சிகளைக் கண்டு ஸ்பானியர்களே நடுங்கினார்கள். இன்று சினிமாவில் நாம் பார்க்கும் குதிரை வீரனான ‘செவ்விந்தியர்’ இந்தப் பரிமாற்றத்துக்குப் பின் பிறந்தவர்தான்.

இனி எதிர்த்திசையில் வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை மக்காச்சோளத்துடையது. தெற்கு மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்கள் உருவாக்கிய தானியம் அது. அங்கே பெண்கள் அதை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்போ சாம்பலோ கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் தோல் கழன்று வரும்வரை கழுவி, கல்லில் அரைத்து ரொட்டி தட்டுவார்கள். மாவு நன்றாகப் பிசைய வரும், வாசமாக இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உள்ளே வேறொன்றும் நடக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருக்கிறது, ஆனால் உடம்பால் எடுக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. போதாததற்கு அவர்கள் தட்டில் பீன்ஸும் பூசணியும் கூடவே இருக்கும்.

தானியம் கப்பலேறி ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வந்தது. சுண்ணாம்பில் வேகவைக்கும் பக்குவம் வரவில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் அரைக்கத்தான் ஆலைகள் இருந்தனவே. கோதுமையை விட இரண்டு மடங்கு விளைந்ததால் ஏழைகளின் சாப்பாடு முழுக்க மக்காச்சோளக் களியாகிப்போனது. நில உடைமையாளருக்கு லாபம், கோதுமையை விற்றுவிடலாம். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் ஒரு விசித்திர நோயை எழுதி வைத்தார்: வெயில் படும் இடங்களில், கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டதுபோல், தோல் சிவந்து உரிகிறது, அப்புறம் வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிக்கிறது. இத்தாலியில் இதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. வட இத்தாலியின் மனநல விடுதிகள் அந்த நோயாளிகளால் நிறைந்தன. சோளம் கெட்டுப்போனதால் என்றார்கள், தொற்றுநோய் என்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைப் பருத்தித் தொழிலாளர்களிடம் அதே நோய் வந்தபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அது உணவுக் குறை என்று நிரூபித்தார். நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆனது. கசால் எழுதி 200 வருடம் கழித்து! மெக்சிகோவில் அத்தனை காலமும் பெண்கள் சுண்ணாம்பு போட்டு வேகவைத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

உருளைக்கிழங்கிலும் இதே கதை, விளைவு இன்னும் பெரிது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் டிட்டிகாகா ஏரிப் பக்கம் பிறந்த பயிர். அங்கே ஒரு குடியானவர் ஒரே துண்டு நிலத்தில் பல ரகங்களைக் கலந்து நடுவார். கறுப்பு, ஊதா, கசப்பு, நீளம், உருண்டை என்று ஆயிரக்கணக்கான ரகங்கள் இன்றும் உண்டு. ஒன்றுக்கு நோய் வந்தால் இன்னொன்று நிற்கும். இரவுப் பனியில் கிழங்கை உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வற்றலாக்கி வருடக்கணக்கில் சேமிப்பார்கள். சுன்யோ என்பது அதன் பெயர். 1545க்குப் பிறகு, அதே மலைப்பகுதியில் ஸ்பானியர்கள் நடத்திய பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் தின்றது அதைத்தான். ஐரோப்பாவைப் பணக்காரக் கண்டமாக்கிய வெள்ளியின் பின்னால் இந்தக் கிழங்கு வற்றல் இருக்கிறது.

ஐரோப்பாவுக்கு வந்தவை சில ரகங்கள் மட்டுமே. முதலில் மக்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆனால் மண்ணுக்குள் விளைவதைப் படைவீரர்கள் அவ்வளவு எளிதாகக் கொளுத்தவோ கொள்ளையடிக்கவோ முடியாது. குறைந்த நிலத்தில் நிறைய கிடைக்கும். பிரஷ்ய அரசன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1756இல் ஆணை போட்டே நடவைத்தான். அயர்லாந்தில் நல்ல நிலமெல்லாம் பெரிய பண்ணையார்களிடம் இருந்ததால், குடியானவர் ஒரு துண்டு குத்தகை நிலத்தில் கிழங்கு நட்டு, மோரோடு சேர்த்துத் தின்று பிழைத்தார். வளர்ந்த ஆண் ஒருவர் ஒரு நாளைக்கு 5, 6 கிலோ கிழங்கு சாப்பிட்டதாகக் கணக்கு. 1841இல் அங்கே மக்கள் தொகை 80 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஏழைகள் நம்பியிருந்தது பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை. விதை போடாமல் கிழங்கையே வெட்டி நடுவதால் ஒவ்வொரு செடியும் அடுத்ததன் அச்சு அசல்.

1845இல் கருகல் நோய் வந்தது. அதன் கிருமியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆக, பயிர் முதலில் வந்தது. ரகங்களின் கூட்டம் வரவில்லை. கடைசியில் நோய் மட்டும் வந்து சேர்ந்தது. இலை கறுத்தது, தோண்டினால் கிழங்கு கூழாக நாறியது. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலிலும் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறிப் போனார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கே. அந்தப் பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன.

எல்லா இடத்திலும் துயரம்தான் நடந்தது என்று எண்ண வேண்டாம். போர்த்துகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தபோது இங்கே மிளகு போட்டுப் பழகிய சமையலில் அதற்கு உடனே இடம் கிடைத்தது. கொல்லையில் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்பதால் ஏழை வீட்டுக்கும் காரம் வந்தது. பழைய சமையல் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் சில வீடுகளின் திவசச் சமையலைப் பார்க்கலாம்: மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மிளகும் இஞ்சியும் வாழைக்காயும் பாகற்காயும்தான். மரவள்ளியில் விஷச்சத்து உண்டு; ஆனால் அதை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்ற பழக்கம் கேரளத்திலும் இங்கேயும் கிழங்கோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. சேலத்து ஆலைகளில் அது ஜவ்வரிசியாகிறது. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் பஞ்ச காலத்தில் அவசரமாகச் சமைத்து, ஊறவைப்பதைக் குறைத்துவிட்டால், அதே கிழங்கு கால்களை முடக்கும் கோன்சோ நோயைக் கொண்டுவருகிறது.

கரும்புக்கு வருவோம். நியூ கினித் தீவில் பயிராகி, இந்தியாவில் சர்க்கரையாகக் காய்ச்சப்பட்டு, அரபியர் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், கேனரியில் நின்று, 1493இல் அட்லாண்டிக்கைத் தாண்டியது. மண்ணும் மழையும் அங்கே அதற்குத் தோதாக இருந்தன. வேலைக்கு ஆள் மட்டும் இல்லை; இருந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆட்டாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் வயலுக்குப் பக்கத்திலேயே ஆலை, இரவு பகலாகக் கொதிக்கும் கொப்பரை, ஓய்வில்லாத வேலை. அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்தார்கள். மூன்றரை நூற்றாண்டுகளில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையேறியவர்கள் 1 கோடியே 7 லட்சம். எல்லோரும் கரும்புக்காக இல்லை, ஆனால் பெரும்பகுதி கரும்புக்காகத்தான்.

அந்தக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏடிஸ் கொசுவும் வந்தது. இன்று நம் ஊரில் டெங்கு பரப்பும் அதே கொசு, அன்று மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியது. சர்க்கரையிலிருந்து பாகு வடிய வைக்கும் மண்பானைகள் ஆலைதோறும் ஆயிரக்கணக்கில் கிடந்தன. சும்மா இருக்கும் மாதங்களில் அவற்றில் மழைநீர் தேங்கும். கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. 1647இல் பார்படோஸில் முதல் பெரிய கொள்ளைநோய். குழந்தையாக இருக்கும்போது வந்தால் லேசாகப் போய்விடும், அப்புறம் வராது. புதிதாக வரும் பெரியவரைக் கொன்றுவிடும். அம்மையில் நடந்தது இங்கே அப்படியே திரும்பி, பழகாத ஐரோப்பிய உடம்பைப் பதம் பார்த்தது.

1791இல் ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதியில் பிரெஞ்சுக்காரர்களின் சர்க்கரைக் குடியேற்றமாக இருந்த சேன் தொமாங்கில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் தன் மைத்துனன் லெக்லெர்க் தலைமையில் அனுப்பிய பெரும்படை 1802 பிப்ரவரியில் அங்கே இறங்கியது. கிளர்ச்சித் தலைவர் தூசேன் லூவெர்த்தூர், மழைக்காலம் வரும்வரை இழுத்தடிக்க வேண்டும், அது எதிரிகளை ஒழித்துவிடும் என்று தன் தளபதி தெஸ்ஸலீனுக்கு எழுதினார். அதுவே நடந்தது. படையில் பெரும்பாலோர் மஞ்சள் காய்ச்சலில் செத்தார்கள். நவம்பரில் லெக்லெர்க்கும் போனான். லூவெர்த்தூர் பிரெஞ்சுச் சிறையில் இறந்தார், ஆனால் 1804 ஜனவரி 1இல் ஹெய்ட்டி விடுதலை அறிவித்தது. சர்க்கரைக் குடியேற்றம் கைவிட்டுப் போவது தெரிந்ததும், நெப்போலியன் 1803இலேயே வட அமெரிக்காவில் பிரான்ஸிடம் இருந்த லூசியானாப் பகுதி முழுவதையும் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டான். அமெரிக்காவின் பரப்பு ஒரே கையெழுத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது.

கரும்பு மட்டும் நிற்கவில்லை. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தபோது அதன் கரீபியத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றின் கரும்புத் தோட்டங்களுக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. 1853, 1854 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்பது ஏட்டில் இருந்தது; திரும்பியவர்கள் குறைவு. அம்மைக்குத் தெய்வமான மாரியம்மனை அவர்கள் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். குவாதலூப்பின் காபெஸ்தேர் ஊரில் உள்ள ஷாங்ஜி கோயிலில் அவளுக்கு இன்றும் பூசை நடக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அவளை மாலியேமின் என்கிறார்கள்.